ராவுத்தர் வீட்டில் குடிவந்த சர்க்கார் மரம்

கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி கேரளத்துக்குள் கொஞ்ச தூரம் வந்தால் நெல்லிச்சள்ளை என்ற ஊர். அங்கே பாதிப்பேர் தென்னந்தோப்பும் மாடும் வைத்திருப்பவர்கள். மீதிப்பேர் அந்தப் பாதிப்பேருக்குச் சாமான் விற்பவர்கள். அப்பாஸ் ராவுத்தர் இரண்டாவது வகை. மெயின் ரோட்டோரம் அவருக்கு ஒரு மாட்டுத்தீவனக் கடை இருந்தது. கடையை ஒட்டினாற்போல் ஓட்டு வீடு. அந்த வீட்டுக்கு மேலே ஒரு தூங்குமூஞ்சி மரம்.

மரம் நின்றது ரோட்டுப் புறம்போக்கில். ஆகவே அது சர்க்கார் மரம். சாய்ந்திருந்ததோ ராவுத்தர் வீட்டுப் பக்கம். ஆகவே பயம் ராவுத்தருடையது. சொத்தும் பயமும் இப்படிப் பிரிந்து கிடந்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

மரத்தின் அடியில் ஒரு பொந்து இருந்தது. ராவுத்தர் கையை விட்டால் முழங்கை வரைக்கும் போகும். எடுத்தால் ஈரமான மரத்தூளும் கறுப்பு எறும்பும் வரும். மழைக்காலத்தில் அடிமரத்தைச் சுற்றிக் காளான் பூத்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கொஞ்சம் வேகமாக வீசினால் ஒரு கிளை ஓட்டின் மேல் விழும். அவர் மனைவி சௌதா துணி காயப்போடும் கொடியை மூன்று இடம் மாற்றிக் கட்டிவிட்டாள். வீட்டை மாற்றிக் கட்ட முடியாததால், பஞ்சாயத்தில் போய்ச் சொல்லுங்கள் என்று கணவரை அனுப்பினாள்.

பஞ்சாயத்து ஆபீஸில் மரியாதையாக உட்காரவைத்தார்கள். மரம் ரோட்டோரம் இருப்பதால் அது மராமத்து ஆபீஸைச் சேர்ந்தது என்று விளக்கினார்கள். மராமத்து ஆபீஸிலிருந்து ஓவர்சீயர் சசீந்திரன் நேரிலேயே வந்தார். நல்ல மனிதர். டேப் வைத்து அளந்து பார்த்து, அடிமரம் மட்டும்தான் எங்கள் மண்ணில் இருக்கிறது, சாய்ந்திருக்கும் பாகம் உங்கள் வீட்டு ஆகாயத்தில் இருக்கிறது, ஆகாயம் பஞ்சாயத்துக்குக் கீழே வரும் என்றார். பஞ்சாயத்தில் அதை ஒப்புக்கொண்டார்கள். ஆனால் மரம் உயிருள்ள வஸ்து ஆகையால் வனத்துறையைக் கேட்காமல் தொட முடியாது என்றார்கள். வனத்துறையில் அந்த மரம் நட்டதா, தானாக முளைத்ததா என்று கேட்டார்கள். நட்டது என்றால் நட்டவர் வரவேண்டும், தானாக முளைத்தது என்றால் அதற்குச் சாட்சி வேண்டும்.

இத்தனை அலைச்சலிலும் யாரும் அவரிடம் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. இரண்டு இடத்தில் டீகூடக் கொடுத்தார்கள். சர்க்கார் ஆபீஸைப் பற்றி ஊரில் பேசுவதெல்லாம் வீண்பழி என்று ராவுத்தருக்குத் தோன்றிய காலம் அது.

கடைசியில், மரம் தங்களுடையதல்ல என்று சொன்ன எல்லா ஆபீஸும் சேர்ந்து ஒரு மரக்கமிட்டி அமைத்தன. கமிட்டி ஒரு நாள் ஜீப்பில் வந்து இறங்கி, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்று மரத்தைப் பார்வையிட்டது. பக்கத்தில் வந்து பொந்தைப் பாருங்கள் என்று ராவுத்தர் கூப்பிட்டார். பாதுகாப்புக் காரணங்களை முன்னிட்டு வரமுடியாது என்று கமிட்டி சொல்லிவிட்டது. அங்கிருந்தபடியே சசீந்திரன் கேட்டார்.

"ராவுத்தரே, இந்த மரம் இதுக்கு முன்னாடி எப்பவாவது விழுந்திட்டுண்டா?"

"இல்லீங்க."

"ஒரு தடவைகூட?"

"விழுந்திருந்தா நிக்காதுங்களே."

"அதுதான் சொல்றேன். ஒரு தடவைகூட விழாத மரத்தை அபாயகரம்னு எழுதினா, நாளைக்கு மேலே இருந்து என்கிட்ட ஆதாரம் கேப்பாங்க."

கமிட்டியில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். ராவுத்தருக்கும் அந்த நேரத்தில் அது நியாயமாகத்தான் பட்டது. வீட்டுக்குள் போய் சௌதாவிடம் சொன்ன பிறகுதான் அதில் ஏதோ இடிக்கிறது என்று தெரிந்தது. அதற்குள் ஜீப் போய்விட்டது. மரத்தில் மஞ்சள் பெயின்டில் ஒரு நம்பர் மட்டும் புதிதாக இருந்தது.

இது நடந்து கொஞ்ச நாளில் பாலக்காடு டவுனிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. அந்த வருஷம் டவுனில் மரத்தைக் கட்டிப்பிடிப்பது பரவியிருந்தது. மரமே இல்லாத அடுக்குமாடிகளில் குடியிருப்பவர்களுக்கு அது அதிகமாகப் பிடித்திருந்தது. கூட்டத்துக்குத் தலைவர் டின்டு என்ற இளைஞர், கைத்தறிச் சட்டையும் தாடியும் துணிப்பையுமாக இருந்தார். எல்லோரும் வரிசையாக நின்று தூங்குமூஞ்சி மரத்தைக் கட்டிக்கொண்டார்கள். அதற்கு நிழலம்மா என்று பெயர் வைத்து, அடிமரத்தில் பச்சை ரிப்பன் கட்டி, கேக் வெட்டினார்கள். டின்டு மரத்தில் காதை வைத்து ரொம்ப நேரம் கேட்டுவிட்டு, நிழலம்மா பேசுகிறாள் என்றார்.

"எங்களுக்கும் கேக்குமுங்க," என்றாள் சௌதா. "காத்தடிச்சா ராத்திரியெல்லாம் பேசும். நாங்க தூங்கறதே இல்லீங்க."

டின்டுவின் கண் கலங்கிவிட்டது. மரத்தோடு இவ்வளவு ஒன்றிப்போன ஒரு குடும்பத்தைப் பார்த்ததே இல்லை என்று அவர் செல்போனைப் பார்த்துச் சொன்னார். அதை ஆயிரக்கணக்கான பேர் பார்த்தார்கள். அதற்குப் பிறகு மரத்தை வெட்டவேண்டும் என்று ராவுத்தர் எங்கே வாயைத் திறந்தாலும், நிழலம்மாவையா என்று கேட்டார்கள்.

மரத்தை ஒன்றும் செய்ய முடியாது என்று ஆனபின், வீட்டையாவது ஏதாவது செய்யலாம் என்று இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் சதீஷ் சொன்னான். சதீஷ் உள்ளூர்ப் பையன், நெல்லிச்சள்ளையில் அதுவரைக்கும் ஒரு மொபெட்டைத் தவிர எதையும் இன்ஷூர் செய்யவைக்க முடியாதவன். புயல், வெள்ளம், இடி, கலவரம், ஆகாய விமானம் வீட்டின் மேல் விழுதல் ஆகிய எல்லாவற்றுக்கும் பாலிசியில் இடமுண்டு என்று வாசித்துக் காட்டினான். மரம் விழுந்தால் உண்டா என்று ராவுத்தர் கேட்டார். ஏரோப்பிளேனே விழலாம் என்று ஒத்துக்கொண்டவர்கள் மரத்துக்கு மாட்டேன் என்பார்களா என்றான் சதீஷ். கையெழுத்துப் போட்ட அன்றைக்கு ராவுத்தர் அசந்து தூங்கினார். சௌதா தூங்கவில்லை.

விஷு நெருங்கிய சமயத்தில், ஒரு மத்தியானம் வானம் கறுத்து மழை பிடித்தது. ராவுத்தர் கடை வாசலில் இருந்த தவிட்டு மூட்டைகளை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். வீட்டில் மகள் ஷஹானா ஜன்னலோரம் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். காற்று ஒன்றும் பெரிதாக இல்லை. அடுப்படியில் இருந்த சௌதாவுக்குக் கயிறு முறுக்கு அவிழ்வதுபோல ஒரு சத்தம் கேட்டது. அவள் யோசிக்கவில்லை. உள்ளே ஓடி மகளின் சடையைப் பிடித்து, தரையோடு தரையாகக் கடைப்பக்கச் சுவரோரம் இழுத்து வந்தாள். அதற்குப் பின்னால் மரம் இறங்கியது. வேகமாக விழவில்லை. மாடு படுப்பதுபோல மெதுவாக, நிதானமாக, வீட்டின் நடுவில் படுத்தது.

ராவுத்தர் மழையில் ஓடிவந்தார். உடைந்த ஓடும் மண்ணும் இலையுமாக ஒரு மேடு இருந்தது, வீட்டைக் காணோம். அவர் சௌதாவைக் கூப்பிட்டார். அப்போது மழைச் சத்தத்துக்குள்ளே, புஸ்தகம் போனால் போகட்டும் வாயை மூடு என்று அவள் மகளைத் திட்டுவது கேட்டது. அந்தத் திட்டைக் கேட்டதும் அவர் அப்படியே சேற்றில் உட்கார்ந்தார். அழுதார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். மழைத்தண்ணி என்று அவர் சொன்னார்.

மறுநாள் காலையில் எல்லா ஆபீஸ்களும் வந்தன. நிற்கும்போது யாருக்கும் சொந்தமில்லாமல் இருந்த மரம், படுத்ததும் எல்லோருக்கும் சொந்தமாகிவிட்டது. பஞ்சாயத்து தன்னுடையது என்றது, மராமத்து தன்னுடையது என்றது. வனத்துறை தடியின் சுற்றளவை அளந்து, இது சர்க்கார் சொத்து, இதில் ஒரு கொப்பை வெட்டினாலும் கேஸ் என்று எச்சரித்தது. ஏலம் விட்டு, எடுத்தவர் கொண்டுபோகும் வரை மரம் இருந்த இடத்தில் இருக்கவேண்டும் என்று தீர்மானமாயிற்று. இருந்த இடம் ராவுத்தரின் படுக்கையறை.

ஏலத்துக்கு ஆள் வரவில்லை. உளுத்த தூங்குமூஞ்சியை யார் எடுப்பார்கள். மறுபடி ஏலம் வைத்தார்கள், மறுபடியும் வரவில்லை. மரம் வீட்டில் சுகமாக இருந்தது. ராவுத்தர் குடும்பம் கடையில், புண்ணாக்கு மூட்டைக்கும் தவிட்டு மூட்டைக்கும் நடுவில் பாய் விரித்துப் படுத்தது. ஷஹானா மேல் புண்ணாக்கு வாசனை வருகிறது என்று பள்ளிக்கூடத்தில் ஒருத்தி சொல்லிவிட்டாள். அன்றைக்கு ஷஹானா சாப்பிடவில்லை, ராவுத்தரும் சாப்பிடவில்லை. அந்த வாரத்தில்தான், சர்க்கார் சொத்தைத் திறந்த வெளியில் நனையவிட்டதற்கு விளக்கம் கேட்டு அவருக்கு நோட்டீஸ் வந்தது. கூரை இருந்தது, மரம்தான் உடைத்துவிட்டது என்று அவர் பதில் சொல்லி அனுப்பினார்.

இனி நம்பிக்கை இன்ஷூரன்ஸ்தான். கோயமுத்தூரிலிருந்து வேதமுத்து என்ற சர்வேயர் வந்தார். மெல்லப் பேசுகிறவர், இஸ்திரி கலையாத சட்டை. வீட்டைச் சுற்றி வந்து, நிறையப் படம் எடுத்து, ரொம்ப வருத்தமாக இருக்கிறது என்றார். பிறகு விஷயத்துக்கு வந்தார். புயலில் விழுந்த மரத்துக்குக் கம்பெனி கொடுக்கும். உளுத்துப்போய்த் தானாக விழுந்த மரத்துக்குக் கொடுக்காது, அது பராமரிப்புக் குறைவு. இது எந்த ரகம் என்று அவர் எழுத வேண்டும்.

"மரம் முன்னாடியே கெட்டுப்போயிருந்துதுங்களா?" என்று கேட்டார்.

ராவுத்தர் வாயைத் திறந்தார். இரண்டு வருஷமாக அவர் காத்திருந்த கேள்வி இதுதான். பொந்து, எறும்பு, காளான், ஜீப்பில் வந்த கமிட்டி எல்லாம் அவர் நாக்கு நுனியில் இருந்தன. அந்த நேரம் பார்த்து ரோட்டில் ஒரு பைக் வந்து நின்று, சசீந்திரன் வியர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார். கெட்ட மரத்தை நல்ல மரம் என்று விட்டது யார் என்று மேலிடத்தில் அவர்மேல் விசாரணை வருவதாக அன்று காலைதான் அவருக்குத் தெரிந்திருந்தது.

"மரத்துக்கு ஒரு குறையும் இல்லை சார்," என்றார் வந்ததும் வராததுமாக. "இரும்பு. நான் நேர்ல பரிசோதிச்ச மரம்."

ராவுத்தருக்கு ரத்தம் கொதித்தது. எதிர்ப்பக்கம் நின்று பரிசோதித்த கதையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு அடி முன்னால் வைத்தார். சௌதா பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்தாள்.

"என்னங்க, அவரு சொல்றது சரிதானுங்களே," என்றாள். "எவ்வளவு நல்ல மரம். நீங்களே சொல்லுங்க."

ராவுத்தர் மனைவியைப் பார்த்தார். மனைவிக்குப் பின்னால் மூட்டைக்கு நடுவே சுருட்டி வைத்த பாயைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆமாங்க," என்றார். "இந்த ஜில்லாவுலயே இப்படி ஒரு மரம் கிடையாதுங்க."

அதற்குப் பிறகு அவராலேயே நிறுத்த முடியவில்லை. நெஞ்சில் ஒரு மாதிரி கசந்தது, ஆனாலும் வாய் தன்பாட்டுக்குப் பேசியது. யானை முட்டினாலும் அசையாது என்றார். வேர் தமிழ்நாட்டு எல்லை வரைக்கும் போயிருக்கும் என்று சசீந்திரன் சேர்த்துக்கொண்டார். இரண்டு வருஷமாக எதிரும் புதிருமாக நின்றவர்கள், இடிந்த வீட்டின் மேல் தோளோடு தோள் நின்று மரத்தின் புகழ் பாடினார்கள்.

வேதமுத்து கையிலிருந்த பேனாவால் அடிமரத்தை லேசாகக் குத்திப் பார்த்தார். பேனா மூடி வரைக்கும் உள்ளே போனது.

"கூர்மையான பேனா," என்றார் சசீந்திரன்.

வேதமுத்து பேனாவைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்த்தார். அங்கே ஒரு தோட்டத்தில் குலை தள்ளிய வாழைகள், இலைகூடக் கிழியாமல் நின்றன. அது வேறு காற்று என்று ராவுத்தர் சொன்னார். இந்தக் காற்று ரோட்டுக்கு இந்தப் பக்கம் மட்டும் வந்தது என்று சசீந்திரன் சொன்னார். சர்க்கார் அதிகாரியும் நஷ்டப்பட்டவரும் ஒரே மாதிரி பேசுவதை வேதமுத்து தன் சர்வீஸில் அதுவரைக்கும் கேட்டதில்லை. இவ்வளவு உறுதியான மரம் விழுந்திருக்கிறது என்றால் காற்று சாதாரணமானதாக இருக்க முடியாது என்று முடிவுக்கு வந்தார்.

இப்படியாக நெல்லிச்சள்ளையில் வரலாறு காணாத சூறாவளி ஒன்று அடித்தது என்பது அதிகாரபூர்வமாக நிலைநாட்டப்பட்டது. சசீந்திரன் மேலிருந்த விசாரணை கைவிடப்பட்டது. இன்ஷூரன்ஸ் பணம் வந்தது. சூறாவளி அடித்த ஊர் என்றதும் மரத்தை அப்புறப்படுத்தவும் தனியாக உத்தரவு வந்து, சர்க்கார் ஆட்களே வந்து அறுத்து எடுத்துப் போனார்கள். டின்டுவின் கூட்டம் வந்து மெழுகுவர்த்தி ஏற்றி, கிளம்பும்போது ஆளுக்கொரு மரத்துண்டு கேட்டு வாங்கிப்போனது.

ராவுத்தர் கான்கிரீட் வீடு கட்டினார். மாடியும் எடுத்தார். ஷஹானாவுக்குத் தனி அறை, வழவழவென்று தரை, குழாயைத் திருப்பினால் சுடுதண்ணி. பால் காய்ச்சிய அன்று ஊரே வந்து சாப்பிட்டது. சாப்பிட்டுக் கை கழுவிய நாச்சிமுத்து, எதிர் வரிசையில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர், சுவரைத் தட்டிப் பார்த்தார். தரையைக் காலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு வெளியே போய், தன் வீட்டுக்குப் பக்கத்தில் ரோட்டோரம் நின்ற ஒரு பழைய வாகை மரத்தை ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தார்.

அந்த மாதம் வீட்டுக்கு வீடு பாலிசி போட்டுக்கொடுத்த சதீஷ், தன் மொபெட்டை விற்றுவிட்டு புல்லட் வாங்கினான்.

ஊரில் மரத்தைப் பற்றிய பேச்சே மாறிப்போனது. எங்கள் வீட்டு மேல் ஒரு புளியமரம் சாய்ந்திருக்கிறது என்று பயந்து சொன்னவர்கள் இப்போது பெருமையாகச் சொன்னார்கள். சாய்ந்த மரம் உள்ள வீட்டுக்குப் பெண் கொடுக்க ஆள் வந்தது. மரம் நேராக நின்றவர்கள் பொறாமையை வெளியே காட்டிக்கொள்ளாமல், நம் மரமும் கொஞ்சம் அந்தப் பக்கம் வருகிற மாதிரி இல்லையா என்று பக்கத்து வீட்டில் கேட்டுப் பார்த்தார்கள். வெட்டக் கேட்டுப் பஞ்சாயத்தில் அப்ளிகேஷன் கொடுத்தவர்கள் எல்லாம் போய்த் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

சர்க்கார் அப்போதுதான் விழித்துக்கொண்டது. சூறாவளிப் பிரதேசம் என்று பெயர் எடுத்துவிட்ட ஊராகையால், ரோட்டோரத்துக் கெட்ட மரங்களை எல்லாம் உடனே வெட்டவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு பறந்து வந்தது. சசீந்திரன் ஆட்களையும் மின்சார ரம்பத்தையும் ஏற்றிக்கொண்டு, வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு வேலையை நேரத்துக்கு முன்பே செய்யும் உற்சாகத்தோடு வந்து சேர்ந்தார். முதல் மரம் நாச்சிமுத்து வீட்டு வாகை. அதன் அடிமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நாச்சிமுத்துவின் மனைவி கற்பகம் நின்றாள். அவளைச் சுற்றி ஊர் நின்றது. டின்டுவின் கூட்டத்துக்கு யாரோ போன் பண்ணியிருந்தார்கள். அவர்கள் பச்சை ரிப்பனோடு வந்து ஊர்ஜனங்களின் இயற்கைப் பற்றைக் கண்டு நெகிழ்ந்தார்கள்.

சசீந்திரனுக்கு ஒன்றும் புரியவில்லை. கூட்டத்தில் அப்பாஸ் ராவுத்தர் நிற்பதைப் பார்த்து, தெரிந்த முகம் என்ற தைரியத்தில் அவரிடம் வந்தார்.

"ராவுத்தரே, நீங்களாவது சொல்லுங்க. உங்களுக்குத்தான் தெரியும், இது விழுந்தா என்ன ஆகும்னு."

ராவுத்தருக்குத் தெரியும். ஒரு கணம் அவர் காதில் மழையும், அதற்குள் சௌதாவின் குரலும் கேட்டன. ஆனால் நாச்சிமுத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தினம் தீவனம் வாங்குகிறவர். தனக்குக் கிடைத்ததை அடுத்தவனுக்குக் கிடைக்காமல் செய்தான் என்ற பேரை ஊரில் யார்தான் சம்பாதிப்பார்கள்.

"நல்ல மரந்தானுங்களே," என்றார் ராவுத்தர், மரத்தைப் பார்க்காமல்.

ரம்பம் வந்த வண்டியிலேயே திரும்பிப் போனது. அந்த வருஷம் நெல்லிச்சள்ளைக்குப் பசுமைக் கிராமம் என்று ஒரு விருது கிடைத்தது.

ஆடிக்காற்று வந்தது. வீட்டுக்குள் படுக்கலாமா என்று கற்பகம் கேட்டபோது நாச்சிமுத்து ஏற்கெனவே பாய் தலையணை பாத்திரம் பண்டம் எல்லாவற்றையும் மாட்டுக் கொட்டகைக்கு மாற்றி, பிள்ளைகளையும் அங்கேயே படுக்கவைத்திருந்தார். தெருவில் இன்னும் சில வீடுகளிலும் அப்படித்தான். ஒரு விடியற்காலையில் பெரிய சத்தம் கேட்டது. ஊர் ஓடிப்போய்ப் பார்த்தது. வாகை மரம் விழுந்திருந்தது. ரோட்டுப் பக்கம் விழுந்திருந்தது. கரண்டுக் கம்பியெல்லாம் அறுந்து கிடந்தது. நாச்சிமுத்துவின் வீட்டில் ஒரு ஓடுகூட நகரவில்லை.

கற்பகம் கொட்டகை வாசலில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். கரண்ட் இல்லாத அந்த வாரம் முழுக்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வந்தவர்கள் சத்தமில்லாமல் செருப்பைக் கழற்றிவிட்டு, முழுசாக நிற்கும் வீட்டை ஒரு பார்வை பார்த்து, நாச்சிமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுப் போனார்கள். இந்தக் கூத்துக்கு நான் வரமாட்டேன் என்று சௌதா சொல்லிவிட்டாள். அப்பாஸ் ராவுத்தர் மட்டும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போனார்.

"ஒண்ணுமே ஆகலீங்க ராவுத்தரே," என்று நாச்சிமுத்து தழுதழுத்தார்.

ராவுத்தர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"மனசை விட்டுடாதீங்க," என்றார். "வீட்டுக்குப் பின்னாடி சாஞ்சு நிக்கற புளியமரம் இருக்குதுங்களே."